துணைக்கு வந்த தம்பியின் கண்கள்

பத்தாம் வகுப்போடு நின்றவள் கண் நோயைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிறவள் நான். ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், அவர்களின் கூடப்பிறந்தவர்களுக்காக இதைப் படியுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தைக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்கச் சிரமப்பட்டதே இல்லை. அதனால் ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் வந்த பைக் தெரியாமல் போனதை அசதி என்றே நினைத்தேன்.

"இன்னாக்கா, ஊட்ல சொல்ட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டுப் போனான் ஓட்டி வந்தவன்.

இன்னொரு முறையும் அப்படி நடந்ததும் கண் மருத்துவமனைக்குப் போனேன்.

கிளாக்கோமா என்றார் டாக்டர் அம்மா. கண்ணழுத்தம் (கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் ஏறும் அழுத்தம்) பார்வை நரம்பைக் கெடுத்திருந்தது. ஓரப்பார்வை முதலில் போகும். நடுப்பார்வை நன்றாக இருப்பதால் நமக்குத் தெரியாது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

எனக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது துரு மாதிரி ஒரு கழிவு உண்டாகுமாம். அதைத் துடைக்கச் சில நொதிகள் (உடம்பின் வேலைகளை முடுக்கிவிடும் புரதங்கள்) உண்டு. அவற்றைச் செய்யும் மரபணு (பெற்றோரிடமிருந்து வரும் குறிப்பு) ஆளுக்கு ஆள் சற்று மாறும். சிலருக்கு அந்தத் துடைப்பு மந்தமாக நடப்பதால் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறதா என்று ஆராய்கிறார்கள். முடிவு இன்னும் ஒன்றுபோல் வரவில்லை.

"அதுக்கு டெஸ்ட் எல்லாம் வேணாம்மா. கூடப் பொறந்தவங்களக் கண்ணக் காட்டச் சொல்லுங்க, போதும்."

எனக்கு ஒரே தம்பி, முருகன். சென்னீர்குப்பத்தில் இருக்கிறான்; கம்பெனி வேன் ஓட்டுகிறான். டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் துருவை மட்டும் பிடித்துக்கொண்டான். அன்று முதல் தினமும் பொன்னாங்கண்ணிச் சாறு.

"துருதானேக்கா? கீரை உள்ள போனா எல்லாம் பூடும்."

"கீரை கண்ணழுத்தத்தக் கொறைக்காதாம்டா."

"டெஸ்ட்ல எதுனா கீதுன்னு சொல்ட்டா வண்டிய யாரு ஓட்றது, நீயா?"

அவன் பயம் அதுதான். எதிர்த்துப் பேச எனக்கு வராது. அடுத்த பரிசோதனைக்கு, பாவையை விரிக்கும் சொட்டு (கண்ணின் உட்புறத்தைப் பார்க்கப் போடுவது, சில மணி நேரம் பார்வை மங்கும்) போட்டால் தனியாக அனுப்பமாட்டார்கள் என்று சொல்லி அவனைத் துணைக்கு அழைத்தேன். அது உண்மையும்கூட. உள்ளே போனதும், "கூடப்பிறந்த தம்பி" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

"அப்படியா? வாங்க, தாடைய இதுல வைங்க."

"எனக்கு இன்னா மேடம்? நான் தெனம் கீரை குடிக்கிறேன்."

"நல்லது, குடிங்க. தாடைய வைங்க."

அவனுக்கும் பாவையை விரிக்கும் சொட்டு போட்டுப் பார்த்தார்; அவனுக்கும் அழுத்தம் ஏறியிருந்தது. ஒரு கண்ணில் ஓரப்பார்வை லேசாகத் தேய ஆரம்பித்திருந்தது. இப்போதைக்கு வண்டி ஓட்டத் தடையில்லை, சொட்டு மருந்தை ஒருநாளும் விடக்கூடாது என்றார் டாக்டர்.

"ஏமாத்தி இட்டாந்துட்ட இல்ல?" என்று முறைத்தான். பிறகு டாக்டர் எழுதிய மருந்தைக் காட்டி, "இந்தச் சொட்டு எரியுமாக்கா?" என்றான்.

வெளியே வந்தால் வெயிலில் இருவருக்கும் கண் கூசி, வந்த பஸ் எதுவென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்று, பக்கத்திலிருந்த அம்மாவைக் கேட்டு ஏறினோம்.

இப்போதெல்லாம் சாலையில் கழுத்தை முழுதாகத் திருப்பித்தான் பார்க்கிறேன். காலைச் சொட்டு போட்ட பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது. பழகிவிட்டது, உங்களுக்கும் பழகும்.

மருத்துவமனைக்குப் போய்வந்த மறுநாள், தம்பி சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வேன் எடுக்கப் போனான்.