கல்யாணப் பெண்ணும் சிவப்பு இத்தாலி காரும்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி முகூர்த்த நாள். பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஜெயங்கொண்டத்தில் இருந்த மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கல்யாணப் பெண் நான்தான். சொந்தக்காரர்கள் ஏறிய பஸ் முன்னாலேயே போய்விட்டது. அப்பா, அம்மா, நான் வந்த வாடகை கார் மட்டும் குன்னம் தாண்டியதும் புகை கக்கிக்கொண்டு, மக்காச்சோளக் காட்டோரம் நின்றுவிட்டது.

முகூர்த்த நாளில் வேறு வண்டி கிடைக்குமா? பஸ்களில் படிக்கட்டு வரை கூட்டம். மண்டபத்திலிருந்து மாமா கார் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் அவர் வந்து எங்களை அழைத்துப்போவதற்குள், நான் கூறைப்புடவை மாற்றக்கூட நேரம் இருக்காது. அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் பெரிய உறுமலோடு அந்த கார் வந்து நின்றது. என் இடுப்பு உயரம்தான் இருக்கும், நல்ல சிவப்பு. ஓட்டி வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. விஷயத்தைக் கேட்டதும், "ரெண்டே சீட்டுதான். பொண்ணை மட்டும் அனுப்புங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார்.

அப்பா தயங்கினார். "முன்னபின்ன தெரியாதவங்களோட எப்படிம்மா..."

"நான் போறேன்ப்பா. நீங்க மாமாவோட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஏறுவது பெரும்பாடாகிவிட்டது. பூச்சடை கூரையில் இடிக்க, தலையைக் குனிந்தபடி கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டேன். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் எனக்கு வலது பக்க சீட். எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பன்னிரண்டு சிலிண்டராம், முந்நூற்றுக்கும் மேல் குதிரைத்திறனாம். அவர் அப்பா ஐம்பது வருடங்களுக்கு முன் இத்தாலியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது.

"என்னக்கா விலை இருக்கும்?" என்றேன்.

"கும்பகோணத்துல ஒருத்தர் வாங்கறதா சொல்லியிருக்காரு. அவர்கிட்ட காட்டத்தான் போறேன். கீறல் இல்லாம இருந்தா ரெண்டு கோடி போகும். லாரியில ஏத்தி அனுப்பியிருக்கலாம். கடைசியா ஒரு தடவை நானே ஓட்டணும்னு தோணிச்சு."

அதைக் கேட்டதும் வளையல் எங்கும் உரசிவிடக்கூடாதே என்று கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். ஆனால் உரசியது வளையல் இல்லை. அரியலூருக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் கர்ரென்று சத்தம். இறங்கிப் பார்த்தோம். முன்பக்கத்தின் அடியில் முழ நீளத்துக்குக் கீறல். எனக்கு உயிரே போய்விட்டது. என்னால்தானே!

அவர் குனிந்து கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இத்தனை வருஷமா ஷெட்டுலயே கெடந்துச்சு. ஒரு கல்யாணத்துக்குக்கூட போனதில்ல. ஏறும்மா!"

அதற்குப் பிறகு, பாரம் குறையட்டும் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் இறங்கிவிட்டேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடுரோட்டில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்து, "லெஃப்ட்ல ஒடிங்கக்கா... மெதுவா... வாங்க வாங்க!" என்று கையாட்டினேன். பின்னால் சிமென்ட் லாரிகள் வரிசையாக நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து வழிசொன்னார்கள். கார் தாண்டியதும் கைதட்டல் வேறு!

மண்டப வாசலில் நின்றதும் மொத்தக் கூட்டமும் வெளியே வந்துவிட்டது. மேடையில் மாப்பிள்ளையும் ஐயரும் மட்டும்தான் மிச்சம். வலது பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மாமியார், "ஏம்மா, நீயேவா ஓட்டிக்கிட்டு வந்துட்ட?" என்று வாயைப் பிளந்தார். இன்றும் அந்தத் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த அக்கா, கும்பகோணத்துக்காரரிடம் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு, தாலி கட்டும்போது அட்சதை போட்டு, பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஒரு மாதம் கழித்து போன் செய்தார். காரை விற்றுவிட்டாராம். "கீறலுக்கு எவ்ளோ குறைச்சாங்கக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதைச் சொன்னா உனக்குத் தூக்கம் வராது. விடு. அன்னைக்கு மாதிரி சந்தோஷமா நான் அதை ஓட்டினதே இல்ல, தெரியுமா?"

இப்போது எங்களிடமும் ஒரு பழைய சின்ன கார் இருக்கிறது. சாலையோரம் யாராவது தவித்து நிற்பதைப் பார்த்தால், நேரமாகிறதே, சீட் அழுக்காகுமே என்று மனம் கணக்குப் போடுவதற்குள் என் கால் பிரேக்கை மிதித்துவிடுகிறது.