காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று

என் கணவர் இராணுவத்தில் இருந்தபோது மிதிவெடியில் இடது காலை இழந்தவர். அதற்கு மாதாமாதம் வரும் பென்சனில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. போன மாரிக்காலத்தில் ஆரையம்பதிச் சந்தியில் லொறியொன்று இடித்து அவருடைய வலது கை முறிந்தது. விரல்கள் மடங்காமலே போய்விட்டன. லொறியின் காப்புறுதிக்காரர்கள் நட்டஈடு தர வந்தபோது அவர் மறுத்துவிட்டார்.

"ரெண்டு பக்கத்தாலயும் எடுத்தா பென்சனை வெட்டிப்போடுவாங்க."

அந்த நாட்களில் மாலையானால் வாவிக்கரையில் போய் இருப்போம். தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகும். அவர் கண்ணை மூடி, இல்லாத பாதத்தில் தண்ணீர் குளிர்கிறது என்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் அங்கே ஒரு பாதம் தெரியும்.

கடைசியில் நான்தான் அவரைப் பென்சன் கந்தோருக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஐயா, பென்சன் உங்கட காலுக்கு. இது கைக்கு. அதே காலுக்கு வேற ஆக்கள் நட்டஈடு தந்திருந்தாத்தான் கழிக்கிற கதை வரும். பயப்படாம எடுங்க."

திரும்பும் வழியில் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. இருபுறமும் வாவி வெயிலில் மிதந்தது.

"கால் அரசாங்கத்துக்கு, கை காப்புறுதிக்கு. மிச்சம் ஆருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்" என்றேன்.

பல மாதங்களுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இறங்கும் இடம் வந்தும் எனக்கு எழுப்ப மனம் வரவில்லை.