டிராயிங் எ பிளாங்க்

மணமேல்குடியில் வீட்டிலிருந்தபடியே சென்னை விளம்பர நிறுவனம் ஒன்றுக்குப் படம் வரைந்து கொடுக்கிறேன். ஓர் இறால் ஊறுகாய் லேபிள் மட்டும் நாட்கணக்கில் பிடிபடவே இல்லை. வீடியோ மீட்டிங்கில் மேலாளர், "ஆர் யூ டிராயிங் எ பிளாங்க்?" என்று கேட்டார். வரைந்துகொண்டிருக்கிறேனா என்று கேட்கிறார் போலும் என நினைத்து, "ஆமாங்க மேடம், சாயந்தரம் முடிச்சுருவேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"ஒண்ணுமே தோண மாட்டேங்குதான்னு கேட்டேம்மா" என்றார் மேடம்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அழைப்பைத் துண்டிக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"அதுவும் உண்மைதாங்க மேடம். ஒண்ணுமே தோணலை. ஆனா விடமாட்டேன். காலையில மீமிசல் கடற்கரைக்குப் போயி, படகுல இறால் வந்து எறங்குறதைப் பாத்துட்டு வாரேன். அப்புறம் வரையிறேன்."

சிரிப்பு அடங்கியது. "போயிட்டு வாம்மா, காத்திருக்கோம்" என்றார்.

மறுநாள் வரைந்த படம்தான் இன்று அந்த பாட்டில்களில் இருக்கிறது. தோன்றவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குக் கை ஓடியது.