நவாபின் வயிறு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் நுழையாத வீடு ஒன்று உண்டென்றால் அது சுகரா பேகத்தின் வீடுதான். இத்தனைக்கும் அவள் புருஷன் அப்துல் ஹமீத், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை முடிந்து வந்தால் பின்வாசல்தான். கிணற்றடியில் சீயக்காய் தேய்த்துக் குளித்து, அவள் எடுத்து வைத்த துணியை மாற்றிக்கொண்ட பிறகே உள்ளே கால் வைக்கலாம். காய்ச்சலோடு வந்த அன்றைக்குக்கூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். "தொழுவுற வீடு" என்பாள். அவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவள் தலையிலா ஒரு சீமைப் பெருச்சாளி வந்து விழ வேண்டும்? வீட்டுக்கே வந்து பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா, ஊருக்குக் கப்பலேறும்போது மகள் வஜீதாவிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. மிஸ்ஸியம்மா அதைக் கினிப்பிக் என்பாள். ஒரு சாண் நீளம், வால் கிடையாது, உடம்பெல்லாம் பழுப்பும் வெள்ளையும். எலிக்கு நவாப் என்று பெயர் வேறு. வஜீதா கல்யாணமாகி வாணியம்பாடிக்குப் போனபின் அது கொல்லைக் கூண்டில் தன் பாட்டுக்குக் கிடந்தது. புல்லைப் போட்டால் தின்னும். வாரத்துக்கு ஒரு தரம் கூண்டைக் கழுவினால் போதும்.

தலைப்பிரசவத்துக்கு வருகிறேன் என்று வஜீதா கடிதம் எழுதியதிலிருந்துதான் வம்பு. உடம்பைப் பற்றி நாலு வரி, நவாபைப் பற்றிப் பத்து வரி. அதற்கு ஆறு வயது தாண்டிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வண்டியிலிருந்து இறங்கும்போது அது செத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்பதே சுகராவின் கவலையாயிற்று. அவளுடைய முதல் பிள்ளை அப்படித்தான் போயிற்று. எட்டாம் மாசத்தில், அண்ணன் இறந்த சேதியை யாரோ பட்டென்று போட்டு உடைக்க, மறுநாளே வலி கண்டுவிட்டது. மகளுக்கு அது வரக்கூடாது.

அதனால் கூண்டைத் தூக்கிக் கூடத்தில் வைத்தாள். கூடத்துக்கு வந்துவிட்டால் சுத்தம் வேண்டாமா? ஒரு நாளைக்கு எட்டுத் தரம் பெருக்கினாள். அப்போதுதான் அந்த அசிங்கத்தைக் கண்டாள். நவாப் தான் போட்ட புழுக்கையைத் தானே பொறுக்கித் தின்றது. ஒரு தரம் குமட்டிக்கொண்டு ஓடினாள். அதன்பிறகு அது வாயை வைப்பதற்குள் துடைப்பத்தோடு நின்றாள்.

பத்து நாளில் நவாப் படுத்துவிட்டது. வயிறு கல் மாதிரி இறுகியது; புல்லைத் தொடவில்லை; மூலையில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓமத் தண்ணீர் ஊற்றினாள், அவள் முகத்திலேயே துப்பியது. ஹகீம் வைத்தியர் பிராணியைப் பார்க்காமலே பொடி மடித்துக் கொடுத்தார். அப்துல் ஹமீத் கிணற்றடியில் நின்றபடியே, "தவிட்டுத் தண்ணில ஊற வெச்சா தோலோட உப்பல் எறங்கிடும்" என்றார்.

"இது தோல் இல்லைங்க, உசுரு" என்றாள் சுகரா. இந்த மனுஷனிடம் யோசனை கேட்டதே தப்பு என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். வஜீதா வர நாலே நாள்தான் இருந்தது.

அன்று புல் கொண்டுவந்த சவுரியம்மாள் கூண்டு முன்னால் குந்தினாள். அவள் முன்பு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து சோதிக்க வளர்த்த இந்தச் சாதிப் பிராணிகளின் கூண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தவள்.

"இன்னா பீபிம்மா, கூண்டு இம்மாம் பளபளன்னு கீது?"

"நாத்தம் புடிச்சது, அதோடதையே துன்னுது. நான்தான் வுடறதில்ல."

சவுரியம்மாள் வாயில் கைவைத்தாள். "அத்த துன்ன வுட்டாத்தான் பீபிம்மா அது பொழைக்கும். கெட்டியா போடறது கழிவு. மெத்துனு போடுது பாரு, அது அதுக்குத் தீனி. திரும்ப உள்ள போனாத்தான் வயிறு வேல செய்யும். எளவயசுல குனிஞ்சு பின்னாலேந்தே எடுத்துக்கும். இதுக்கு இப்ப குனிய முடியல, கீழ வுழுந்தத பொறுக்குது. நீ அதையும் பெருக்கிக் கொட்டிட்ட."

சுகராவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பிராணிமேலா, அதைப் படைத்த விதத்தின்மேலா? கடைசியில் தன்மேல்தான் வந்து நின்றது. கொல்லையில் அழுக்கோடு கிடந்தவரை நன்றாக இருந்ததை, உள்ளே கொண்டுவந்து சுத்தம் பண்ணியே சாகடிக்கப் பார்த்திருக்கிறாள்.

"இப்ப இன்னா பண்றது?"

"வயித்த எதமா நீவி வுடு. மெத்துனு வர்றத சூடு ஆறுறதுக்குள்ள வாய்கிட்ட நீட்டு. ஒருத்தர் புடிச்சுக்கணும், ஒருத்தர் ஊட்டணும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சாயங்காலம்வரை சுகரா தனியாகப் போராடினாள். நீவினால் உதைத்தது, விட்டால் மூலைக்கு ஓடியது. அஸர் தொழுகை நேரத்துக்கு ஒருவழியாக மெத்தென்று ஒன்று விழுந்தது. அதே நேரம் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது.

"ஏங்க, வாளிய வுட்டுட்டு உள்ள வாங்க."

அப்துல் ஹமீத் பின்வாசலிலேயே நின்றார். முழங்கால்வரை சுண்ணாம்பு; லுங்கியில் குழித் தண்ணீர் சொட்டியது. "குளிக்கலியே. தொழுவுற வீடு" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா? வாங்கன்றேன்ல. இத புடிங்க, ஆறிடும்."

அவர் பயந்து பயந்து உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் கைக்குள் போனதும் நவாப் ஏனோ உதைக்கவில்லை. சுகரா முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு விரலால் நீட்டினாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டது.

அன்று முதல் தினமும் அப்படியே. மூன்றாம் நாள் நவாப் ஒரு புல்லைக் கடித்தது.

நாலாம் நாள் வஜீதா ஜட்கா வண்டியிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்தபடி உள்ளே வந்தவள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். சுண்ணாம்புக் காலோடு அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் நவாப் புல் மென்றுகொண்டிருந்தது. எதிரே அம்மா எதையோ விரலில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மீ, வீட்டுக்குள்ள தோல் வாசன அடிக்குதே" என்றாள் வஜீதா.

"அடிச்சா அடிக்கட்டும்" என்றாள் சுகரா, விரலை எடுக்காமலே. "நீ மொதல்ல உக்காரு. ஒங்கப்பா இன்னும் குளிக்கல."