மெம்பருக்கு இடமில்லாத பஸ்

எங்கள் மலைக்குக் காலை பஸ் வந்ததே வார்டு மெம்பர் அலைந்த அலைச்சலால்தான். இன்று அந்தப் பஸ்ஸில் அவருக்கே இடமில்லை.

இன்னொரு பஸ் கேட்டு மனு கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பியவர், படிக்கட்டில்கூடக் கால் வைக்க முடியாமல் நின்றார்.

"இன்னா மெம்பரே, ஓட்டு கேக்கசொல்ல எல்லார் வூட்லயும் பூந்தீங்களே, இதுல பூர முடியலையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"சிரிக்காதக்கா. இந்தா, நீயே குடுத்துடு" என்று மனுவை என் மடியில் போட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

கலெக்டர் ஆபீஸ் வரிசையில் போய் நின்றேன். அடுத்தவர் மனுவை என்னிடம் வாங்குவார்களோ மாட்டார்களோ!

ஆபீசர் வாங்கிப் பார்த்தார். "மெம்பர் ஏன் வரலை?"

"பஸ்ல இடமில்லீங்க. மனுவே அதுக்குத்தாங்க."

சிரித்தார். ஓரத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதினார். மனு பக்கத்து மேசைக்குப் போவதற்குள் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மெம்பர் ஆறு தடவை கூப்பிட்டுவிட்டார். "இன்னாக்கா எழுதினாரு?"

நான் படித்த படிப்புக்கு அது கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இந்தப் பதிவுக்குக் கீழே படத்தைப் போட்டிருக்கிறேன். பஸ் உண்டா இல்லையா, யாராவது சீக்கிரம் படித்துச் சொல்லுங்கள். அதுவரை மெம்பர் போனை நான் எடுப்பதாக இல்லை.