பத்துக்கு நாலு மார்க் வாங்கிய விளையாட்டு

என் அப்பாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. போலீஸில் ஏட்டாக இருந்ததால் சந்தேகம் வந்ததா, சந்தேகம் இருந்ததால் போலீஸில் சேர்ந்தாரா என்பது அம்மாவுக்கே தெரியாது. பால்காரர் பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று எல்லோரும்தான் சந்தேகப்படுவார்கள். அப்பா, மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் சொல்வதையும் சந்தேகப்படுவார். சீசன் வந்துவிட்டால் அவருக்குக் குற்றாலத்தில் அருவி டியூட்டி. மெயின் அருவியில் நாளெல்லாம் நின்று ஊர் ஊராக வந்தவர்களைச் சந்தேகப்பட்டுவிட்டு, நனைந்த சீருடையோடு மேலகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்புவார். அதற்குப் பிறகும் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், சாரல் பிடித்த சமயத்தில், அம்மாவின் தம்பி பெங்களூரிலிருந்து வந்தார். சீசனுக்கு உறவுக்காரர்கள் வருவது எங்கள் வீட்டில் வழக்கம்தான். ஆனால் குளிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டோடு வருவார்கள். மாமாவோ தலையணை, போர்வை, பிரஷர் குக்கர் என்று ஆட்டோ நிறைய மூட்டைகளோடு வந்து இறங்கினார்.

“குளிக்க வந்தவன் குக்கரத் தூக்கிட்டு வருவானா?” என்று அப்பா அடுக்களையில் வந்து கேட்டார்.

“லீவுக்கு வந்திருக்கான். ஒங்க ஸ்டேஷன் புத்திய வீட்ல காட்டாதீங்க” என்றாள் அம்மா.

அப்பாவின் சந்தேகத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அம்மா வீட்டில் வயலை விட்டு வெளியே வந்த ஆண்கள் எல்லோரும் காக்கிச் சட்டைக்குத்தான் போயிருந்தார்கள். மாமா மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் வேலை என்று பெங்களூருக்கு ரயில் ஏறினார். அப்போது அப்பா ஒரு நிபந்தனை போட்டார். அங்கே வேலை நிலைக்கவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்து போலீஸ் செலக்ஷனில் ஓட வேண்டும். மாமாவும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆக, வேலை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் அவர் தலையெழுத்தே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அப்பா ஓர் ஆளை நியமித்தார். அந்த ஆள் நான்தான்.

“ஏட்டி, மாமா என்ன செய்யுதான், யார்கிட்ட பேசுதான்னு பாத்துக்கோ. கேட்டேன்னு சொல்லிராத.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை அப்பா என்னைச் சந்தேகப்படத்தான் செய்திருந்தார், நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்ததில்லை.

மாமாவின் மூட்டை ஒன்றிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வெளியே வந்தது. எங்கள் பழைய டிவியில் அதை மாட்டுவதற்குள் மாமாவுக்கு வேர்த்துவிட்டது. கூடவே ஒரே ஒரு டிஸ்க். அதில் ஒரு பையன், காய்ந்துபோன தன் ஊருக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேகங்களை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஆடு ஓட்டுகிற மாதிரி மேகத்தை ஓட்டுவான். களைத்துப்போனால் வழியில் இருக்கும் அருவியில் நின்று குளித்தால் தெம்பு வரும். ஆனால் அருவிக்கு முன்னால் சிவப்புத் தொப்பியும் பெரிய மீசையுமாக ஒரு காவல்காரன். நெருங்கினாலே விசில் ஊதித் திருப்பி அனுப்பிவிடுவான்.

தினமும் எழுந்தவுடன் மாமா செல்போனைப் பார்த்தார். அந்த விளையாட்டை விளையாடிப் பார்த்து மார்க் போடுகிற வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை எல்லாம் படித்தார். நல்லதாக ஒரு வரி வந்தால் எனக்குத் தமிழில் சொல்வார். கெட்டது வந்தால் வாய்க்குள்ளேயே படித்துக்கொள்வார். அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் எட்டிப் பார்த்தேன். பத்துக்கு நாலு.

“நாலுன்னா பாஸா, பெயிலா மாமா?”

“அங்கன ஏழுக்குக் கீழ போனாலே பெயில்தான்ட்டி.”

“நூத்துக்கு முப்பத்தஞ்சு எடுத்தா எங்க ஸ்கூல்ல பாஸு. நாலுன்னா நாப்பதுல்லா?”

மாமா சிரித்து என் தலையைப் பிடித்து ஆட்டினார். வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் பாஸ் போட்டுவிட்டதால் குறை சொல்லக் கூடாது என்று இல்லையே. எங்கள் தெருவில் ஒரு பையன் வீட்டில் கார் மோதுகிற விளையாட்டும் துப்பாக்கி விளையாட்டும் இருந்தன. அவற்றை நான் பார்த்திருந்தேன். இதில் சுடுவதற்கு ஒன்றுமே இல்லை, எதிரி என்று யாருமே இல்லை என்றேன்.

“மேகத்தச் சுடவா முடியும்? மெதுவா கூட்டிட்டுப் போறதுதான்ட்டி இதுல ரசனையே. மார்க்கு போட்டவனுவ பாதிப்பேரு பாதி வழியிலேயே விட்டுட்டு எழுதியிருக்கானுவ.”

“அப்போ அந்த விசில்காரன்? அவனத் தூக்கிட்டா நல்லா இருக்கும்.”

“அவரு இருக்கணும்” என்றார் மாமா. இதைச் சொல்லும்போது சிரிப்பு போய்விட்டது.

நான் உளவுச் செய்திகளை அன்றன்றே அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். யாரும் மாமாவுக்குப் போன் பண்ணுவதில்லை. ஒரே விளையாட்டைத்தான் விளையாடுகிறார். அதை யாராவது குறை சொன்னால் கோபம் வருகிறது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“பாவூர்சத்திரம் மார்க்கெட்ல ஒருத்தன் கத்தரிக்காயப் பத்தி இவ்வளவு பேசுனா, உள்ள புழு இருக்குன்னு அர்த்தம். எவனோ கமிஷன் குடுக்கான். வெளிய புகழ்ந்து விக்கச் சொல்லுதான்.”

அந்த வாரம் மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தடை நாள்தான் அப்பாவுக்குக் கஷ்டமான நாள். எவ்வளவோ தூரத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், குழந்தையைக் காட்டிக் கெஞ்சுகிறவர்கள், பெரிய இடத்துப் பெயரைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் என எல்லோருடைய வசவையும் வாங்கிக்கொண்டு தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தார். வந்தவர் சீருடையை மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தார்.

“அந்த ரிமோட்டக் கொண்டா மாப்ள. அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்.”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. எந்தப் பொத்தான் எதற்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அப்பா மேகத்தை ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். கூட்டத்தை ஒழுங்குபடுத்திப் பழகிய கை அல்லவா. அருவி வந்தது. பையன் நெருங்கினான். விசில் அடித்தது.

“ஏன் தடுக்கான்?”

“மேல மழை அத்தான். தண்ணி கலங்கலா வருது பாருங்க. கல்லு, கட்டை எல்லாம் உருண்டு வரும்.”

“கலங்கலா? இந்த டிவில எல்லாத் தண்ணியும் ஒரே கலராத்தான்லே தெரியுது.”

அப்பா இடது பக்கமாக நுழையப் பார்த்தார். விசில். பாறைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனார். விசில். மேகத்தை முன்னால் விட்டு, அதன் மறைவில் போனார். அதற்கும் விசில். அன்று பகலெல்லாம் தன்னிடம் மற்றவர்கள் காட்டிய வித்தை அத்தனையையும் அப்பா அந்தக் காவல்காரனிடம் காட்டினார். அம்மாவும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

“கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க அத்தான். தண்ணி தெளிஞ்சா அவரே விட்ருவாரு.”

“நிக்கதுக்கா ஒருத்தன் விளையாடுதான்? காரணம் சொல்லாம விசில மட்டும் ஊதுதான், இவன்லாம் ஒரு காவல்காரனா? நாலு மார்க்கே ஜாஸ்தி. எனக்குத் தந்தா ரெண்டுதான் போடுவேன்.” ரிமோட்டைக் கீழே வைத்த அப்பா, குரலை மாற்றிக் கேட்டார். “உண்மையச் சொல்லு மாப்ள. இதச் செஞ்சவனுக்கும் ஒனக்கும் என்ன சம்பந்தம்?”

மாமா டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நாங்கதான் அத்தான் செஞ்சோம். ஒரே ரூம்ல ஆறு பேரு. அந்த அருவி, அவரு, எல்லாம் என் வேல. மார்க்கு இப்படி வந்ததும் ஆபீஸப் பூட்டிட்டாங்க.”

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அப்பா முகத்தில் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. “சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குல்லா?” என்று மட்டும் கேட்டார். மாமா இருக்கிறது என்றார். மறுநாளே இருவரும் தென்காசிக்குப் போய் ஓடுவதற்கான ஷூ வாங்கிவந்தார்கள்.

அதன் பிறகு விடியற்காலையில் மாமா பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினார். அப்பா கையில் வாட்சோடு நின்றார். கயிறு ஏறிய மாமாவின் உள்ளங்கைத் தோல் உரிந்துபோக, அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். மாமா பாஸாகிவிட்டார். இப்போதும் போலீஸில்தான் இருக்கிறார். நல்ல பெயர் எடுத்திருக்கிறார் என்று அப்பாவே சொல்வார். கேம் பெட்டி எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. எனக்கு அப்போது அந்தச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

மாமா ஓடப் போயிருந்த ஒரு காலையில் நான் தனியாக விளையாடினேன். காவல்காரன் விசில் அடித்ததும் அலுத்துப்போய் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அவன் அருவிக்குக் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பையன் உள்ளே போய்க் குளித்தான். வெளியே வந்ததும் காவல்காரன் சட்டைக்குள்ளிருந்து ஒரு காய்ந்த துண்டை எடுத்தான். பையனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காது நோகத் துவட்டிவிட்டான். துவட்டும்போது பையனைப் பார்க்கவில்லை. எவன் எதைத் திருடப் போகிறானோ என்பது போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே துவட்டினான்.

அப்பா மைதானத்திலிருந்து வந்ததும் வழக்கம்போல, புதிதாக ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லப்பா. மாமா சொன்னது நெசந்தான். நின்னா விட்ருதான்.”

துண்டைப் பற்றி நான் சொல்லவில்லை. சின்னப் பையனாக வந்த காலத்தில் மாமாவை, பிறகு என்னை, சீசனுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரையும் அப்பா அப்படித்தான் துவட்டிவிடுவார். எல்லாப் போலீஸ்காரர்களும் அப்படித்தான் துவட்டுவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.