வெங்காயச் சாம்பாரைத் தேடி மாதுங்காவுக்கு

சென்னையில் ஒரு மாதப் பத்திரிகையின் சமையல் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். யுத்தம் முடிந்த மறு வருஷம், மார்கழியில், பம்பாய்க்குக் கிளம்பினேன். ‘பார்வதி, மாதுங்கா’ என்ற கையெழுத்தோடு வரும் குறிப்புகளுக்கு எங்கள் வாசகிகளிடம் ஏகக் கிராக்கி. அதிலும் அந்த வெங்காயச் சாம்பார்! நேரில் பார்த்துப் போட்டோவோடு பெரிதாக எழுதச் சொல்லி ஆசிரியர் அனுப்பினார்.

ரயிலுக்கு அரிசி மூட்டை எடுத்துப் போகாதீர்கள். ரேஷன் காலம், வழியில் சோதனை போட்டுப் பிடுங்கிவிடுவார்கள். தாதரில் இறங்கினால் மாதுங்கா பக்கம்தான். குதிரை வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். என் அரைகுறை ஹிந்தியை வைத்துக்கொண்டு பத்தணாவுக்கு இறக்கினேன்.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தவள் நார்மடிப் புடவையும் முக்காடுமாக நின்றாள். நாற்பது வயதிருக்கும். மழித்த தலை. பார்வதி இருக்கிறாரா என்று கேட்டேன்.

“நான்தான். உள்ளே வாங்கோ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெங்காயத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாத விதவைக் கோலமல்லவா அது!

சாப்பாட்டை அவள் தம்பி மனைவி கமலம் பரிமாறினாள். சாம்பார் அமிர்தம். பார்வதி கூடத்தின் ஓரமாக நின்றாள்.

“நீங்கள் ருசி பார்ப்பதே இல்லையா?”

“பதிமூணு வயசிலே எல்லாம் போயாச்சு. தம்பிக்கு வெங்காயம்னா உசிரு. பண்ணி வெச்சுட்டு ஸ்நானம் பண்ணிடுவேன். பச்சை வாசனை போனதும் எறக்கணும், அவ்வளவுதான்.”

எத்தனை மாதமாக அவள் எழுத்தைப் படித்து நாக்கில் எச்சில் ஊறியிருக்கிறேன்!

போட்டோ பேச்சை எடுத்தேன். ஆபீசுக்குக் கிளம்பாமல் காத்திருந்த தம்பி ராமநாதன் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: “கமலத்தை எடுத்துக்கோங்கோ. பேரையும் அவ பேராவே போட்டுடலாம். சமையல் பக்கத்திலே அக்கா மொகத்தைப் போட்டா யார் படிப்பா?”

நல்ல மனிதர்தான். அக்காவைத் தாங்குகிறவர். அதுதான் என்னை இன்னும் அதிர வைத்தது. எங்கள் ஆசிரியரும் இதையேதான் சொல்வார் என்பதும் நினைவுக்கு வந்தது.

நான் கிளம்பும்போது பார்வதி மாடிப்படி வரை வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“போட்டோ வேண்டாம். பேரை மட்டும் எடுத்துடாதீங்கோ.”

“யாரும் எடுக்க மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“இந்த ஆத்திலே நான் அக்கா, இல்லேன்னா அத்தை. அம்மா போனதுக்கப்புறம் பார்வதின்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்லே. மாசம் ஒரு தடவை உங்க பத்திரிகையிலேதான் பாக்கறேன்.”

படம் இல்லாமலே கட்டுரை வந்தது. ஆசிரியரோடு பெரிய சண்டை. பேரை நான் விடவில்லை.

மாதுங்கா போகிறவர்களுக்கு ஒரு யோசனை: காலை ரயிலில் போய் இறங்குங்கள், வண்டிக்காரரிடம் பேரம் பேசுங்கள். யார் வீட்டிலாவது நன்றாகச் சாப்பிட்டால், சமைத்தவளின் பேரைக் கேளுங்கள். அவளிடமே கேளுங்கள்.